வார்னிங்கைச் சரிசெய்ய 6,000 ரூபாய் கொடுத்து ஏமாந்த கதை

வீட்டில் பருப்புப் பொடி, ஊறுகாய் செய்து கூரியரில் அனுப்புகிறோம். ஆர்டர் எடுக்க ஒரு சின்ன இணையதளம், பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியது. ஹோஸ்டிங்கில் பிஎச்பி 7.4-ஐ 8-க்கு மாற்றிய மறுநாளே பக்கத்தின் உச்சியில் "வார்னிங்: அன்டிஃபைன்ட் வேரியபிள்" என்று வரிவரியாக வந்து நின்றது. வேரியபிள் என்பது ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்; மதிப்பே போடாத ஒன்றை நிரல் பயன்படுத்துகிறது என்று அர்த்தம். சர்வரில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதும் அதிலேயே. ஆர்டர் போட வந்தவர்கள் எல்லாம் பார்த்தார்கள்.

தெரிந்தவர் மூலம் ஒருவர் வந்தார். 6,000 ரூபாய் பேசி முடித்தோம். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, "முடிஞ்சது சார்" என்றார். பக்கம் பளிச்சென்று இருந்தது. சந்தோஷமாகப் பணத்தை அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து கூரியர் பில்லைச் சரிபார்த்த என் மனைவி, "ஒரு கிலோ காம்போவுக்கு நாம கூரியர் காசே வாங்கலையா?" என்று கேட்டாள். 41 பார்சல், ஒவ்வொன்றுக்கும் 80 ரூபாய். 3,280 ரூபாய் போச்சு.

பிழைகள் பதிவாகும் கோப்பான எரர் லாகைத் திறந்தால் காலி. அப்புறம்தான் ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் முதல் வரியாக எந்தப் பிழைகளைச் சொல்ல வேண்டும் என்று முடிவுசெய்யும் எரர் ரிப்போர்ட்டிங்கைப் பூஜ்யம் ஆக்கி வைத்திருக்கிறார். அவர் செய்த 'ரிப்பேர்' மொத்தமும் அவ்வளவுதான். அப்படி வைத்தால் வார்னிங் திரையிலும் வராது, லாகிலும் ஏறாது. நாளைக்குத் தளமே விழுந்தாலும் வெள்ளைப் பக்கம்தான் தெரியும், காரணம் தெரியாது. பிழையைத் திரையில் காட்டும் டிஸ்ப்ளே எரர்ஸை மட்டும் அணைத்து, லாகை ஓடவிட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

அந்த வரிகளை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். சில வார்னிங்குகள் சில்லறை. கூப்பன் பெட்டியை நிரப்பாமல் விட்டால் வருபவை. ஒன்று மட்டும் கூரியர் கட்டணத்தைக் காட்டியது. ஒரு கிலோவுக்குக் குறைவென்றால் ஒரு தொகை, கூடுதலென்றால் ஒரு தொகை என்று எழுதியிருக்கிறது. சரியாக ஒரு கிலோ என்றால்? அந்த வேரியபிளுக்கு மதிப்பே கிடைக்காது. பிஎச்பி அதை நல், அதாவது மதிப்பு இல்லாதது, என்று எடுத்துக்கொண்டு, கூட்டும்போது பூஜ்யமாகக் கணக்கிட்டுவிடும். பழைய பதிப்புகளில் இது வெறும் நோட்டீஸ், வார்னிங்கைவிடச் சின்ன எச்சரிக்கை, அதனால் எங்கள் தளத்தில் கண்ணில் படவில்லை. 2020 நவம்பரில் வந்த 8.0-தான் இதை வார்னிங் ஆக்கியது. தப்பு இருந்த இடத்தை அந்த வார்னிங் வரி எண்ணோடு சொல்லிக்கொண்டிருந்தது. நான் காசு கொடுத்து அதன் வாயை அடைத்திருக்கிறேன்.

யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்தால், முடித்ததும் எந்தக் கோப்பில் எந்த வரியை மாற்றினார் என்று காட்டச் சொல்லுங்கள். எரர் ரிப்போர்ட்டிங் பூஜ்யமா என்று தேடுங்கள். வேரியபிளுக்கு முன்னால், வார்னிங்கை அடக்கும் @ குறி போட்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். இரட்டைக் கேள்விக்குறி (??) போட்டு, மதிப்பு இல்லையென்றால் பூஜ்யம் என்று எழுதுவது கூப்பன் பெட்டிக்குச் சரி. கூரியர் கட்டணத்துக்கு அப்படிப் போட்டிருந்தால் அதே 3,280 ரூபாய்தான் போயிருக்கும், கொஞ்சம் நாகரிகமாக.

பணத்தைத் திருப்பிக் கேட்டு அவருக்கு வாட்ஸப் போட்டேன். வந்த பதில்: "வார்னிங் போயிடுச்சுல்ல சார்?"