வண்ணார்பேட்டையில் இரண்டு யூராலஜி ஆஸ்பத்திரி: ஒன்றில் தேதி குறித்தார்கள், ஒன்றில் கேள்வி கேட்டார்கள்

எனக்கு வயது 61, வீரவநல்லூர் பக்கம் விவசாயம். இரண்டு வருடமாக திருநெல்வேலி ஜங்ஷனுக்கு பஸ் ஏறினாலே சேரன்மகாதேவியில் இறங்கலாமா, பத்தமடை தாங்குமா, பேட்டை வரை மூத்திரத்தை அடக்க முடியுமா என்றுதான் மனசு கணக்குப் போடும். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். போன ஐப்பசி மழையில் சளி பிடித்து, மெடிக்கலில் கேட்டு இரண்டு நாள் மாத்திரை போட்டேன். இரண்டாம் நாள் ராத்திரி ஒரு சொட்டு போகவில்லை. வயிறு தம்பூரா மாதிரி ஆகி, விடியற்காலம் டியூப் போட்டபோது 800 மில்லி வந்தது. அந்த நிமிஷம் அந்த நர்ஸ் எனக்கு குலசாமி.

அடுத்த நாள் டியூப்போடு முதல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பெயர் வேண்டாம். பளபளவென்று இருந்தது, காபி எல்லாம் கொடுத்தார்கள். ஸ்கேனில் மூத்திரப்பைக்குக் கீழே இருக்கிற புராஸ்டேட் சுரப்பி வீங்கி 48 கிராம். டாக்டர் பார்த்தது நாலு நிமிஷம் இருக்கும், "ஒரு தடவை அடைச்சா திரும்ப அடைக்கும், வியாழக்கிழமை லேசர் வச்சிக்கிடலாம்" என்றார். வெளியே வந்தால் ஒரு பெண் 1,10,000 ரூபாய் பேக்கேஜ் தாளை நீட்டி, ரூம் ஏசியா சாதாவா என்று கேட்கிறது. எந்த லேசர், அப்புறம் என்ன ஆகும், ஒன்றும் தெரியாது. முன்பணம் கட்டாமல் நழுவி வந்துவிட்டேன்.

மச்சினன் சொல்லி இரண்டாவது இடம். முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன்: மூன்று மணி நேரம் காத்திருப்பு, அத்தனை மூத்திரக் கோளாறுக்காரர்களுக்கும் ஒரே ஒரு கழிப்பறை, அதிலும் தாழ்ப்பாள் கிடையாது. ஆளாளுக்கு வாசலில் துண்டைப் போட்டுவிட்டு உள்ளே போகிறோம்.

ஆனால் உள்ளே போனதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "அன்னைக்கு என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?" சளி மாத்திரை என்றதும் தலையாட்டினார். அதில் மூக்கடைப்புக்குப் போடுகிற மருந்து மூத்திரப்பை வாயை இறுக்கும், சளியை உலர்த்துகிற மருந்து பையின் பலத்தைக் குறைக்குமாம். ஏற்கெனவே புராஸ்டேட் வீங்கினவனுக்கு இரண்டும் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். ராத்திரிக்கு அந்த இறுக்கத்தைத் தளர்த்துகிற டாம்சுலோசின் 0.4 மாத்திரை எழுதிக்கொடுத்து, அஞ்சு நாள் கழித்து டியூப்பை எடுத்துப் பார்த்தார். போயிற்று. எழுந்தால் தலை சுற்றும், மெதுவாக எழுந்திருக்கணும், பிறகு கண்புரை ஆபரேஷன் வந்தால் இந்த மாத்திரை சாப்பிட்டதைக் கண் டாக்டரிடம் கட்டாயம் சொல்லணும் என்றார். இதை முதல் இடத்தில் யார் சொன்னது?

ஒரு மாதம் கழித்து மூத்திரம் போகிற வேகத்தைப் பார்க்கிற ஃப்ளோ டெஸ்ட். தண்ணீரைக் குடித்துவிட்டு, முட்டும்போது தனி ரூமில் ஒரு புனலுக்குள் போகணும், மெஷின் கோடு போடும். ஒழுங்காகப் போகிறவனுக்கு ஒரே மலையாக எழும்பி இறங்கும், வினாடிக்கு 15 மில்லிக்கு மேல். என் தாளில் நீளமாக, தாழ்வாக ஒரு பொத்தை, உச்சி 9. போன பிறகும் பையில் 110 மில்லி நின்றது.

அப்புறம்தான் ஆபரேஷன் பேச்சு. திரும்பத் திரும்ப அடைத்தால், பையில் கல் வந்தால், ரத்தம் நிற்காமல் வந்தால், அடிக்கடி இன்ஃபெக்‌ஷன் ஆனால், கிட்னி வீங்கினால் யோசிக்கவே கூடாது, செய்துவிடணும். எனக்கு அதில் ஒன்றும் இல்லை, ஆகவே முடிவு என் கையில் என்றார். டியூஆர்பி என்றால் மூத்திர வழியாகவே கருவியை விட்டு, கரண்ட் கம்பியால் புராஸ்டேட்டைத் தேங்காய் துருவுகிற மாதிரி சுரண்டி எடுப்பது. ஹோலெப் லேசர் என்றால் நுங்கைக் கட்டைவிரலால் நோண்டுகிற மாதிரி ஓட்டிலிருந்து மொத்தமாகப் பெயர்ப்பது, ரொம்பப் பெரிய புராஸ்டேட்டுக்கு அதுதான் நல்லதாம். என் அளவுக்கு இரண்டும் ஆகும். இரண்டிலும் ஓடு அப்படியே இருக்கும், அதனால் பிற்பாடும் புராஸ்டேட் புற்றுநோய்க்குப் பார்க்கிற பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை விடக்கூடாது.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு விந்து வெளியே வராமல் பையில் போய் மூத்திரத்தோடு கலந்துவிடும். ஆபத்தில்லை, ஆனால் முன்னாடியே தெரியணும். வீட்டம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் காலண்டரைப் பார்த்தேன்.

மூத்திரத் தொந்தரவுக்கு மார்க் போடுகிற தாள் ஒன்று உண்டு, ஏழு கேள்வி, மொத்தம் 35. எனக்கு 17, நடுத்தரமாம். கடைசியில் தனியாக ஒன்று: இப்படியே காலம் முழுக்க இருக்கணும் என்றால் எப்படி இருக்கும்? "பரவாயில்லை" என்றேன். "நீங்க சொல்லுங்கம்மா" என்று அவளிடம் திரும்பினார். "ராத்திரி நாலு தரம் லைட்டு எரியுது சார், எனக்குப் பரவாயில்ல இல்ல" என்றாள். நான் சொன்னதை அடித்துவிட்டு வேறு எண் எழுதினார்.

செய்துகொள்ளத்தான் போகிறேன், அங்கேயேதான். நாலு முதல் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது, இரண்டு வாரம் வாக்கில் புண் பொருக்கு உதிரும்போது திரும்ப ரத்தம் தெரியலாம் என்பதால் பிசானம் அறுத்து நெல் வீடு சேர்ந்த பிறகு. போகிறவர்கள் திங்கள்கிழமை போகாதீர்கள், கூட்டம் மாடிப்படி வரை நிற்கும். தண்ணீர் பாட்டிலையும் கையோடு கொண்டு போங்கள், ஃப்ளோ டெஸ்ட்டுக்கு ஒரு லிட்டர் குடிக்கச் சொல்வார்கள், அங்கே கேன் எப்போதும் காலி.