எவர்சில்வர் சாப்பாட்டு டப்பா: விளிம்பையும் மூடியையும் பார்த்து வாங்குங்கள்

சிங்கப்பூரில் தேக்கா பக்கத்துப் பாத்திரக் கடைகளில் அடுக்கு டிபன் கேரியரோடு நீள்சதுர எவர்சில்வர் டப்பாவும் விற்கிறார்கள். கீழே ஒரே தகட்டில் அழுத்திய எஃகு, மேலே நான்கு கிளிப் வைத்த பிளாஸ்டிக் மூடி. மூடியில் இரண்டு வகை: கண்ணாடிபோலத் தெளிவான கெட்டி மூடி, பால் நிறத்தில் கொஞ்சம் வளைந்துகொடுக்கும் மூடி. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். 304 என்று வகை எண் அடித்த எஃகும் பால் நிற மூடியும் சேர்ந்ததை வாங்குங்கள். தெளிவான மூடி எவ்வளவு அழகாக இருந்தாலும் எண்ணெய்ச் சாப்பாட்டுக்கு வேண்டாம்.

முதலில் எஃகு. தகடு முழுக்கச் சின்னச் சின்னப் படிக மணிகள். அந்த மணிகளுக்குள் அணுவரிசை பிசகி நிற்கும் இடங்களுக்கு டிஸ்லொகேஷன் என்று பெயர். இந்தப் பிசகுகள் நகர்வதால்தான் தகடு கிழியாமல் டப்பாவாக வளைகிறது. ஆனால் மூலை வளைவில் அவை பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, மேற்கொண்டு நகர முடியாமல் நிற்கின்றன. எஃகு அங்கே விறைத்துப்போகிறது. இழுவிசையும் உள்ளேயே தங்கிவிடுகிறது. கூடவே ஒரு பகுதி, காந்தம் ஒட்டும் மார்ட்டன்சைட் என்ற வேறு படிக அமைப்பாக மாறிவிடுகிறது.

காந்தம் ஒட்டவில்லை, அதனால் நல்ல எஃகு என்று கடையில் சொன்னால் அதை மட்டும் நம்பாதீர்கள். நிக்கல் 8 விழுக்காடு உள்ள 304 ஒட்டாது. நிக்கலைக் குறைத்து மாங்கனீஸ் ஏற்றிய 201, 202 வகைகளும் ஒட்டாது. காந்தத்துக்கு வேறொரு பயன் இருக்கிறது. சின்னக் காந்தம் ஒன்றை அடிப்பாகத்தின் நடுவில் வைத்து, மெல்ல மூலை வளைவுக்கு நகர்த்துங்கள். நடுவில் ஒட்டாதது மூலையில் பிடித்தால், அழுத்தியபின் சூடேற்றிப் பதப்படுத்தவில்லை என்று அர்த்தம். 304இல் இது பெரிய குறையில்லை. நிக்கல் குறைந்த, ஆழமான டப்பாவில்தான் ஆபத்து: அச்சைவிட்டு வெளியே வந்து சில நாளோ சில வாரமோ கழித்து, யாரும் தொடாமலே, விளிம்பிலிருந்து நேராகக் கீழே ஒரு வெடிப்பு ஓடும். அதனால் விளிம்பு முழுவதும் நகத்தால் ஒரு சுற்று உரசிப் பாருங்கள். நகம் தட்டுகிற இடம், வெட்டிய கூர்முனை, சுருட்டாத விளிம்பு எல்லாம் வெடிப்பு தொடங்கத் தோதான இடங்கள். விளிம்பு உள்ளே மடித்துச் சுருட்டியிருக்க வேண்டும்.

பக்கச்சுவரில் ஆரஞ்சுத் தோல்போலச் சொரசொரப்பு தெரிந்தால், தகட்டின் படிக மணிகள் அளவுக்கு மேல் பெரிதாக இருந்திருக்கின்றன. உடையாது, ஆனால் மஞ்சளும் எண்ணெயும் அதில் தங்கும், கழுவுவது தொல்லை.

உப்பும் ஊறுகாயும் எந்த எஃகுக்கும் எதிரி. உப்பிலுள்ள குளோரைடு, எஃகுக்குள் இருக்கும் மாங்கனீஸ் சல்பைடு துணுக்குகளின் ஓரத்தில் குழி பறிக்கத் தொடங்கும். ஊறுகாயை இரவு முழுக்க வைக்காதீர்கள், குளோரின் பிளீச்சில் ஊறப்போடாதீர்கள்.

இனி மூடி. பெரும்பாலான புகார் இங்கேதான் வரும்.

தெளிவான மூடி பாலிகார்பனேட்டாகவோ ஸ்டைரீன் சார்ந்த பிளாஸ்டிக்காகவோ இருக்கும். அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் படிகமாக அடுக்கப்படாமல் நூல்கண்டுபோலச் சிக்கிக் கிடப்பவை. அச்சில் வேகமாகக் குளிரும்போது இழுபட்ட சங்கிலிகள் அப்படியே உறைந்து, அந்த அழுத்தம் மூடிக்குள் நிலைத்துவிடுகிறது. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். மடிக்கணினியின் எல்சிடி திரையை வெள்ளையாக்குங்கள். வெயிலுக்குப் போடும் போலரைஸ்டு கறுப்புக் கண்ணாடியைத் திரை இருளும்வரை சுழற்றுங்கள். இப்போது மூடியைத் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பிடித்தால் வானவில் பட்டைகள் தெரியும். பட்டைகள் நெருக்கமாகக் குவியும் இடத்தில், பெரும்பாலும் கிளிப் துளையைச் சுற்றியும் பிளாஸ்டிக் உட்புகுந்த நடுப்புள்ளியைச் சுற்றியும், அழுத்தம் அதிகம். தேங்காய் எண்ணெயோ நெய்யோ அங்கே ஊறிச் சங்கிலிகளின் பிடியைத் தளர்த்தும். முதலில் வெள்ளிக் கம்பிபோல நுண்கோடுகள் மின்னும். பிறகு ஒருநாள் கிளிப்பை மூடும்போது மூலை உடைந்து கையோடு வரும். இரசத்தால் உடைந்தது என்பார்கள். காரணம் அச்சில் தங்கிய அழுத்தமும் எண்ணெயும் சேர்ந்ததுதான்.

பால் நிற மூடி பாலிபுரோப்பிலீன். அடியில் முக்கோணத்துக்குள் 5 இருக்கும். இதில் ஒரு பங்கு படிகம், அதனால்தான் பால் நிறம், அதனால்தான் எண்ணெயையும் தாங்குகிறது. கிளிப் மடியும் மெல்லிய கீல்தான் இதன் உயிர். மடிப்பின் மேல் சீரான மெல்லிய வெள்ளைக்கோடு வந்தால் கவலை வேண்டாம். கீலுக்கு வெளியே திட்டுத்திட்டாக வெளுத்தால் உள்ளே நுண்துளைகள் விழுகின்றன. வேறு மூடி கேளுங்கள். ஆவித் துளைக்குப் பக்கத்தில் முடிபோல ஒரு கோடு தெரிந்தால், அச்சில் துளையைச் சுற்றி இரண்டாகப் பிரிந்த பிளாஸ்டிக் மறுபடி ஒட்டிய இடம் அது. அந்தக் கோடு கிளிப் வரை போனால் எடுக்காதீர்கள்.

உறைபெட்டியில் வைப்பவர்களுக்கு ஒரு சொல்: சாதாரணப் பாலிபுரோப்பிலீன் 0 பாகை செல்சியஸை ஒட்டி விறைக்கத் தொடங்கும். மைனஸ் 18இலிருந்து எடுத்த கையோடு கிளிப்பைத் திறந்தால் கீல் முறியலாம். மேசையில் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் திறவுங்கள்.