முன்பல் இம்ப்ளான்ட்: பெயர் தெரியாத ஒரு ஸ்குரூவுக்கு 42,000 ரூபாய்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய குழித்துறை, மார்த்தாண்டம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு உடம்புக்கு ஏதாவது வந்தால் நாகர்கோவிலைவிடத் திருவனந்தபுரம்தான் முதலில் நினைவுக்கு வரும். 1956 நவம்பர் 1 அன்று எங்கள் ஊர்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும் அந்தப் பழக்கம் மாறவில்லை. அந்தப் பழக்கத்தில்தான் நானும் களியக்காவிளை சோதனைச் சாவடியைத் தாண்டிச் சென்று ஒரு தனியார் பல் மருத்துவமனையில் ஏமாந்தேன். புகார் கொடுக்க இருப்பதால் அதன் பெயரை இங்கே எழுதவில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் படந்தாலுமூட்டில் பைக் சறுக்கி விழுந்ததில் மேல் வரிசை முன்பல் ஒன்று போயிற்று. கழற்றி மாட்டும் செட்டு போட்டுக்கொண்டு காலம் தள்ளினேன். ஆவணியில் அக்காள் மகளுக்குக் கல்யாணம் வந்தது. “தாய்மாமன் பொக்கைப் பல்லோட பந்தலில நிப்பியாலே?” என்று அக்காள் கேட்டதற்கு இரண்டு நாள் கழித்து, ‘ஒரே நாளில் நிரந்தரப் பல்’ என்ற விளம்பரம் கைப்பேசியில் கண்ணில் பட்டது. என் அவசரத்துக்கு நானே பொறுப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அங்கே சிறிய எக்ஸ்ரே ஒன்றை மட்டும் எடுத்தார்கள். மலையாளத்தில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். எனக்கு மலையாளம் பேச வரும். எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பேன். “ஒண்ணும் பேடிக்கண்டா சாரே” (ஒன்றும் பயப்பட வேண்டாம்) என்று வரவேற்பறைப் பெண் சொன்னதும் கையொப்பமிட்டேன். அன்று மாலையே இம்ப்ளான்ட் என்னும், தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியம் ஸ்குரூவும் அதன்மேல் பல்லும் வாயில் இருந்தன. எதை வேண்டுமானாலும் கடித்துச் சாப்பிடலாம் என்று சொல்லி அனுப்பினார்கள்.

கல்யாணப் படங்களில் நன்றாகவே இருக்கிறேன். நான்காவது வாரம் பல் ஆடத் தொடங்கியது. இரண்டு முறை போனேன். ஒரு முறை முறுக்கினார்கள், மறுமுறை பல்லின் நுனியைத் தேய்த்துவிட்டார்கள். அதன்பின் ஈறு மேலேறிச் சாம்பல் நிற உலோகம் தெரிந்தது. அழுத்தினால் சீழ் வந்தது. மூன்றாம் முறை போனபோது மருத்துவர் வெளியூரில் இருப்பதாகச் சொன்னார்கள்.

திருவனந்தபுரத்தில் வேறொரு மருத்துவரிடம் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “இது எந்தக் கம்பெனி இம்ப்ளான்ட்?” என்பது. பல்லை இம்ப்ளான்டோடு பிணைக்கும் இன்னொரு சிறிய ஸ்குரூ மட்டும் தளர்ந்திருந்தால் திறந்து முறுக்கிவிடலாம். ஆனால் கம்பெனிக்குக் கம்பெனி அளவும் சாவியும் வேறு. வைத்தவர்களிடம் தொலைபேசியில் கேட்டேன். பதிவேடு தலைமை அலுவலகத்தில் இருக்கிறது என்றார்கள். எனக்குத் தந்த பில்லில் ‘பல் சிகிச்சை, 42,000 ரூபாய்’ என்ற ஒரு வரிக்கு மேல் எதுவும் இல்லை. இம்ப்ளான்ட் வரும் பெட்டியிலேயே தயாரிப்பாளர் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும் என்பதும், அதை நோயாளியின் அட்டையில் ஒட்டித் தருவது முறை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

பிறகு தாடை எலும்பை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் எடுத்தார். பல் போன இடத்தில் எலும்பு கரைந்துகொண்டே போகும் என்றும், முன்பல்லின் உதட்டுப் பக்க எலும்புச் சுவரின் தடிமன் இயல்பிலேயே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதுண்டு என்றும் அவர் விளக்கினார். சாதாரண எக்ஸ்ரேயில் எலும்பின் உயரம் தெரியும், தடிமன் தெரியாது. என் ஸ்குரூ உதட்டுப் பக்கம் சாய்ந்து, முன்னால் எலும்பே இல்லாமல் நின்றது. ஸ்குரூ பதித்த அன்றே பல் வைப்பதை ஏமாற்று என்று அவர் சொல்லவில்லை. எலும்பு போதிய அளவு இருந்து, ஸ்குரூ முதல் நாளே இறுக்கமாகப் பிடித்தால் வைக்கலாம். ஆனால் எலும்போடு அது ஒட்டிச் சேரும் மூன்று முதல் ஆறு மாதங்கள் வரை அந்தப் பல் கீழ்ப்பல்லில் இடிக்காமல் இருக்க வேண்டும், அதனால் கடிக்கவும் கூடாது. நானோ முதல் வாரமே முறுக்கு கடித்தேன், தடை சொல்ல ஆள் இல்லாததால்.

ஸ்குரூவை எடுத்துவிட்டார்கள். அதை ஒரு சிறு குப்பியில் கேட்டு வாங்கி, பில், பணம் அனுப்பிய ஜிபே பதிவு, ஸ்கேன் ஆகியவற்றோடு வைத்திருக்கிறேன். சிகிச்சை கேரளத்தில் நடந்ததால் வழக்கும் அங்கேதான் போட வேண்டும் என்று பலர் சொன்னார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், ஆகவே எனக்கு நாகர்கோவில் போதும். செலுத்திய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது மட்டும் முக்கியம். இதே எல்லையைத் தாண்டிப் பல் கட்டப் போகிறவர்கள் ஸ்கேனைக் கண்ணால் பார்த்து, படிவத்தைத் தமிழில் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, ஒட்டுச்சீட்டு கைக்கு வருமா என்று உறுதி செய்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

இப்போது மீண்டும் பழைய செட்டோடு இருக்கிறேன். சென்ற வாரம் எலும்புத்தூள் நிரப்பினார்கள். அது கெட்டிப்பட மாதங்கள் ஆகுமாம். புதிய மருத்துவர் அந்தத் தூள் வந்த பொட்டலத்தின் ஒட்டுச்சீட்டை, நான் கேட்காமலேயே, உரித்து என் அட்டையில் ஒட்டித் தந்தார்.