ரக்பி டெஸ்ட் 'பேக்கேஜ்' வாங்குவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள்

2022 ஆகஸ்டில் அர்ஜென்டினா ரக்பி அணி நியூசிலாந்தோடு டெஸ்ட் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்) ஆட கிறைஸ்ட்சர்ச்சுக்கு வந்தது, அதற்கடுத்த வாரம் ஹாமில்டன். ஆக்லாந்துத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், டிக்கெட்டும் ஹோட்டலும் சேர்த்து விற்கும் அதற்கான பேக்கேஜ் விளம்பரம் ஒரு மாதம் முன்பே சுற்ற ஆரம்பித்துவிட்டது. அந்த ஜூலை 16 அன்று வெலிங்டனில் நடந்த நியூசிலாந்து-அயர்லாந்து ஆட்டத்துக்கு எங்களிடம் பணம் வாங்கிய அதே நபர்தான் இதையும் விற்றார்.

டப்ளினில் இருக்கும் என் தம்பி, அயர்லாந்து அணியின் இந்தச் சுற்றுப்பயணத்துக்காகவே லீவு போட்டு வந்தான். ஏப்ரலிலேயே முழுப் பணமும் கட்டிவிட்டோம். பேசியது இதுதான்: கூரைக்குக் கீழே அடுத்தடுத்த இரண்டு இருக்கைகள், ஸ்டேடியத்துக்கு நடந்து போகும் தூரத்தில் ஹோட்டல், ஒரு வாரம் முன்பே டிக்கெட்.

டிக்கெட் வந்தது ஆட்டத்தன்று மதியம். இரண்டும் வெவ்வேறு பகுதிகளில், இரண்டுமே கூரை எட்டாத முன்வரிசை. ஜூலை மாத வெலிங்டன் காற்று தெரிந்தவர்களுக்கு அது என்னவென்று புரியும். டிக்கெட்டில் இருந்த வகையும் நாங்கள் காசு கொடுத்த வகை இல்லை. ஹோட்டல்? ரயில் ஏறிப் போகவேண்டிய பெட்டோனி புறநகரில் ஒரு மோட்டல். போன் போட்டால், "அண்ணா, ரயில் ஏறினா நேரா ஸ்டேடியம் வாசல்ல இறங்கலாம், இதுக்குப் போய்..." என்கிறார். வவுச்சரின் அடியில் பொடி எழுத்தில் 'அல்லது இணையான தங்குமிடம்' என்று இருக்கிறதாம்.

எனக்கு ஆறாதது இருக்கை விஷயம்தான். அயர்லாந்து ஆக்லாந்தில் 42-19 என்று தோற்று, டனீடினில் 23-12 என்று ஜெயித்து, மூன்று ஆட்டத் தொடர் 1-1 என்று நிற்கிறது. நியூசிலாந்து மண்ணில் ஆல் பிளாக்ஸை (நியூசிலாந்து ரக்பி அணி) அயர்லாந்து வீழ்த்தியதே டனீடினில்தான் முதல் தடவை. வெலிங்டனில் இடைவேளைக்கு 22-3 என்று முன்னிலையில் போகிறார்கள், நான் ஒரு மூலையில், அவன் ஒரு மூலையில். 32-22 என்று அயர்லாந்து ஜெயித்து, அதன் வீரர் பீட்டர் ஓமஹோனி கண்கலங்கி நின்றபோது தம்பியைக் கட்டிப்பிடிக்கக்கூட முடியவில்லை. 1994-இல் பிரான்ஸிடம் தோற்றபின் ஆல் பிளாக்ஸ் சொந்த மண்ணில் இழந்த முதல் தொடர் அது. இனி எப்போது அப்படி ஒன்று வரும்?

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "நம்ம ஆளுங்களுக்குள்ள இப்படிப் பேசலாமா?" என்கிறார். நம்ம ஆள் என்பதால்தானே தைரியமாகச் செய்திருக்கிறார்!

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், எந்தப் பகுதி, எந்த வரிசை, ஹோட்டல் பெயர் என்ன என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். 'இணையான' என்ற சொல் இருந்தால் அதை நீக்கித் தரச் சொல்லுங்கள். முடிந்தவரை கிரெடிட் கார்டிலேயே கட்டுங்கள். சொன்னது கிடைக்காவிட்டால் வங்கியிடம் முறையிட வழி இருக்கும். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்றால் ஃபேர் டிரேடிங் சட்டம் உங்கள் பக்கம்தான்.

நாங்கள் டிஸ்ப்யூட்ஸ் டிரைபியூனலுக்கு (சிறு வழக்குகளைத் தீர்க்கும் மன்றம்) போகிறோம். வக்கீல் தேவையில்லை, நாமே பேசலாம். அதே பேக்கேஜில் வெலிங்டன் வந்து இப்படி மாட்டிக்கொண்டவர்கள் இருந்தால், உங்கள் வவுச்சரையும் டிக்கெட்டையும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். எங்கள் மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.