மாற்றிய இஞ்சினைப் பதிவதா, பழைய இஞ்சினை மீட்பதா?

யாழ்ப்பாணம் ஆரியகுளம் சந்திக்கு அருகில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் எங்கள் வீட்டு மொறிஸ் மைனரை மறித்து, இஞ்சின் மூடியைத் திறந்து காட்டும்படி கேட்டார். உள்ளே இருப்பது மொறிஸ் இஞ்சின் அல்ல என்பதைக் காரின் இரைச்சலே அவருக்குச் சொல்லியிருந்தது. 2025 தொடக்கத்தில் பேருந்துகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் மேலதிகமாகப் பூட்டிய உதிரிகளைக் கழற்றுவிக்கும் பரிசோதனைகள் நாடெங்கும் தொடங்கியபோது, வீட்டுக் கார்களுக்கு அதனால் தொல்லை வராது என்று நம்பியிருந்தவர்களில் நானும் ஒருவன். குறைகளைத் திருத்திக் குறித்த திகதிக்குள் மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் காரைக் காட்டவேண்டும் என்று எழுதப்பட்ட தாளோடு வீடு திரும்பினேன். சைலன்சர், முன் பம்பரில் பூட்டிய மேலதிக விளக்குகள், மட்காட்டுக்கு வெளியே துருத்தும் அகலச் சில்லுகள், பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வாத இஞ்சின் இலக்கம் என்று நான்கு குறைகள் அதில் இருந்தன.

முதல் மூன்றும் ஒரு சனிக்கிழமை வேலை. ஸ்பானரால் பூட்டியது ஸ்பானராலேயே கழன்றுவிடும். அவற்றைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. நான்காவது வேறு வகையைச் சேர்ந்தது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழ் நடைபெறும் பதிவில், இஞ்சின் இலக்கம், சேஸி இலக்கம், இஞ்சின் கொள்ளளவு, எரிபொருள், நிறம் ஆகியவை சேர்ந்துதான் ஒரு வாகனத்தின் அடையாளமாகின்றன. இவற்றில் ஒன்றை மாற்றிவிட்டுப் பதிவை மாற்றாமல் ஓடுகிறவரின் கையில், வேறொரு காரின் புத்தகம் இருப்பதாகவே கொள்ளவேண்டும்.

இந்த நிலை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1990களில், போரினால் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், கார்புரேற்றருக்குள் சிறிது பெற்றோலை விட்டு இஞ்சினை இயக்கிய பிறகு மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் இதுவும் ஒன்று. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்ய, இஞ்சினின் பேரிங்குகள் தேய்ந்தன. வால்வுகளில் கரி ஏறியது. 2002 இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை திறந்த பின்னர், அப்பா பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு டட்சன் ஏ-12 இஞ்சினை வாங்கி லொறியில் ஏற்றி வந்து பூட்டினார். புத்தகத்தை மாற்றவேண்டும் என்ற எண்ணம் அன்று எவருக்கும் வரவில்லை. பழைய 1098 சீ.சீ. இஞ்சின், சாக்கு போர்த்தியபடி, மாட்டுக்கொட்டிலின் மூலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது.

ஆகவே எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. டட்சன் இஞ்சினை முறைப்படி பரிசோதிப்பித்துப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றுவிப்பது ஒன்று. பழைய இஞ்சினைத் திருத்தி மீண்டும் பூட்டுவது மற்றையது. நான் இரண்டாவதைத் தெரிவுசெய்தேன். முதலாவதை முழுமையாகச் செய்து முடித்த அனுபவம் எனக்கில்லை. வான் ஒன்றின் இஞ்சினை மாற்றிப் பதிவித்த அயலவர் ஒருவரின் அலைச்சலை அருகிலிருந்து பார்த்த அளவிலேயே அதைப் பற்றி எழுதுகிறேன்.

ஓட்டுகிறவனின் கண்ணால் பார்த்தால் டட்சனே மேல். மொறிஸின் 1098 சீ.சீ. இஞ்சின் ஏறத்தாழ 48 குதிரைவலு தருவது, 1171 சீ.சீ. ஏ-12 ஏறத்தாழ 68 தருவது. பளையிலிருந்து ஆனையிறவு வரையிலான நேர்ப்பாதையில் அந்த வித்தியாசம் காலுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அந்த வலுவை நிறுத்தவேண்டியவை முன்னால் 8 அங்குல, பின்னால் 7 அங்குல டிரம் பிரேக்குகள். இஞ்சினை மாற்றியவர்கள் பிரேக்கைத் தொடவே இல்லை. மழைக்காலத்தில் வெள்ளம் நின்ற தெருவைத் தாண்டியதும், பிரேக்கை மிதித்தால் கார் சற்று யோசித்தே நிற்கும்.

அதைவிடப் பெரிய குறை அடியில் இருந்தது. மொறிஸ் மைனருக்குத் தனிச் சேஸி கிடையாது. உடலும் சட்டகமும் ஒன்றாக ஒட்டிய அமைப்பு. டட்சனின் கியர்பொக்ஸ் உட்காருவதற்காக, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் நடுப்பகுதியை வாயுத்தீயால் வெட்டியிருந்தார்கள். குழியில் இறங்கிய மெக்கானிக் அண்ணை, வெட்டின விளிம்பைக் காட்டி, “தம்பி, உதில விரலை வைச்சுப் பார்” என்றார். உருகி உறைந்த இரும்பு மணி மணியாகத் தட்டுப்பட்டது. அதிலிருந்து ஒரு விரற்கடை தூரத்துக்கு வெடிப்பொன்று ஓடியிருந்தது. பதிவுக்காகப் பரிசோதகர் முன்னால் போவதென்றாலும் இதைச் சரிக்கட்டாமல் போகமுடியாது. வெட்டைத் திருத்திப் பற்றவைக்கும் செலவு இரண்டு வழிக்கும் பொது என்று தெரிந்ததும், பதிவு வழியே மலிவானது என்ற என் எண்ணம் பாதி கரைந்துவிட்டது.

மீதியைக் கரைத்தது கடதாசி. இஞ்சின் மாற்றத்தைப் பதிவதற்கு, அந்த இஞ்சின் எங்கிருந்து எப்படி வந்தது என்பதைக் காட்டும் ஆவணம் வேண்டும். அயலவரிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டதும் அதுவே. அப்பா வாங்கிய இஞ்சினுக்குத் துண்டு ஒன்றும் மிஞ்சவில்லை. கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) தொடங்கிக் கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் வரை, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் போய்வருவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லாமல் போவதில் பொருளில்லை.

பலர் செய்வதுபோல அப்படியே விட்டுவிடலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையில் சித்தியடைந்து, பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரமும் எடுத்துவந்த காரணத்தால், கார் சட்டப்படி சரியாக இருக்கிறது என்றே நானும் நினைத்திருந்தேன். புகைப் பரிசோதனையில் பெற்றோல் வாகனத்துக்கு ஐட்லிங்கிலும் நிமிடத்துக்கு 2500 சுற்றிலும் புகையின் கூறுகளை அளக்கிறார்கள். அந்தப் புகை எந்த இஞ்சினிலிருந்து வருகிறது என்பது அவர்களது கேள்வி அல்ல. காப்புறுதியும் அப்படித்தான்: தவணைப் பணம் கட்டும்வரை ஒருவரும் மூடியைத் திறப்பதில்லை, விபத்து நடந்த பிறகு திறப்பார்கள்.

எல்லாவற்றிலும் எனக்கு முடிவாக நின்றது விற்பனை. பழைய மொறிஸை வாங்க வருகிறவர் முதலில் நிறத்தைப் பார்ப்பதில்லை. புத்தகத்தை வாங்கி, சேஸி இலக்கத்தின்மேல் கடதாசி வைத்துப் பென்சிலால் தேய்த்து, ஒவ்வொரு இலக்கமாக ஒத்துப் பார்ப்பார். ஒவ்வாத கார் உடமை மாற்றத்தில் சிக்கும் என்பதால், அதற்கு விலை பேசுகிறவர்கள் உதிரிப்பாக விலைதான் பேசுவார்கள். பதிவை மாற்றினால் கார் சட்டப்படி சுத்தமாகிவிடும் என்பது உண்மையே. ஆயினும் பழைய காரைத் தேடுகிறவருக்கு, பிறந்த இஞ்சினோடு இருக்கும் காரின் மதிப்பு தனி. 2020 முதல் 2025 வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் ஓடக்கூடிய எந்தக் காரும் விலைபோனது. இறக்குமதி திறந்த பிறகு வாங்குகிறவர்கள் மறுபடியும் புத்தகத்தை ஊன்றிப் படிக்கிறார்கள்.

மாட்டுக்கொட்டிலில் இருந்து எடுத்த இஞ்சினை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்த்தபோது, டைனமோவுக்கு மேலே தறைந்திருந்த சிறு தகட்டில் இலக்கங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து வாசித்தோம்; ஒன்றும் பிசகவில்லை. பிளொக்கை லேத்தில் கொடுத்துச் சிலிண்டர்களைச் சற்று அகலமாகக் கடைவித்து, பெரிய அளவுப் பிஸ்டன் போட்டோம். ஈயம் கலந்த பெற்றோல் 2002 இல் நிறுத்தப்பட்டுவிட்டதால், அந்தக் காலத்து மென்மையான வால்வு இருக்கைகள் இன்றைய பெற்றோலில் விரைவாகத் தேயும். அதனால் கடினப்படுத்திய இருக்கைகளை வைத்தோம். இவை புத்தகத்தில் ஏறவேண்டிய மாற்றங்கள் அல்ல என்பதால் எவரிடமும் அனுமதி கேட்க நேரவில்லை.

பழைய இஞ்சின் கைவசம் இல்லாதவருக்கு என் முடிவு பொருந்தாது. அவர் வேறொரு மொறிஸ் இஞ்சினைத் தேடிப் பூட்டினாலும் இலக்கம் ஒவ்வாது. ஆகவே பற்றுச்சீட்டோடு ஒரு நல்ல இஞ்சினை வாங்கி, பிரேக்கையும் அதற்கேற்ப உயர்த்தி, பதிவு வழியே போவதுதான் புத்தி. நாள்தோறும் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்வருகிறவருக்கும் அதையே சொல்வேன். மொறிஸ் இஞ்சினோடு மேட்டிலும் வெயிலிலும் பொறுமை வேண்டியிருக்கிறது. சித்திரை மாத மதியத்தில் வெப்பமானி முள்ளில் ஒரு கண் வைத்தே ஓட்டுகிறேன்.

பரிசோதகர் காரைப் பார்க்க எடுத்த நேரம் கால் மணித்தியாலத்துக்கும் குறைவு. தகட்டைப் படித்தார், பற்றவைத்த குறுக்குச் சட்டத்தை மின்விளக்கு அடித்துப் பார்த்தார், பிரேக்கை மிதிக்கச் சொன்னார். தாளில் இருந்த நான்கு குறைகளும் வெட்டப்பட்டன.

டட்சன் இஞ்சின் இப்போது அதே கொட்டிலில், அதே சாக்கின் கீழ் இருக்கிறது. சென்ற மாதம் சுன்னாகத்தில் இருந்து ஒருவர் அதைக் கேட்டு வந்தார். சுற்றிப் பார்த்து, எண்ணெய்க் குச்சியை இழுத்து முகர்ந்து, விலையும் ஏறக்குறையப் பொருந்திய பிறகு, “பில் வைச்சிருக்கிறியளோ?” என்று கேட்டார்.