காரைக்குடி பேங்க் வேலையும் 1937 கதையும்

சிங்கப்பூர்லேர்ந்து இந்தத் தடவை காரைக்குடி போனதுல பாதி நேரம் பேங்க் வேலைதான். அப்பச்சியோட ஜாயிண்டா இருந்த என் பழைய சேவிங்ஸ் அக்கவுண்ட என்ஆர்ஓவா (வெளிநாட்டுல இருக்கறவங்க இந்திய வருமானத்துக்கு வச்சுக்கற அக்கவுண்ட்) மாத்தணும், வெளிநாட்டுல வேலைக்குப் போயிட்டா சாதா அக்கவுண்ட அப்படியே வச்சிருக்கக் கூடாது. பாஸ்போர்ட், சிங்கப்பூர் வேலை பாஸ் காப்பி, பான் கார்டு, சிங்கப்பூர் அட்ரஸ் ப்ரூஃப் எல்லாம் ஒரிஜினலோட கொண்டு போயிருந்தேன், கவுண்டர்ல இருந்த அம்மா ஒவ்வொண்ணா பொறுமையா பாத்து ஃபார்ம நிரப்ப வச்சு அனுப்புனாங்க, நல்ல சர்வீஸ்.

ஊருக்கு வர்றவங்க ஆயிரம் ஜன்னல் வீட்டப் பாத்துட்டு ஆத்தங்குடி டைல்ஸ போட்டோ எடுத்துட்டுப் போயிடறாங்க, ஆனா இந்த ஊரோட பேங்க் கதைய யாரும் கேக்கறதில்ல, எனக்கு அது ரொம்ப வருத்தம். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க ஆரம்பிச்சது 1937 பிப்ரவரி 10. ஒரே நாள்ல காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன் மூணு ஊர்லயும் பிராஞ்ச் திறந்தாங்க. ரங்கூனோட சரிசமமா நம்ம ஊர் எப்படி வந்துச்சுன்னா, நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்ங்க போட்ட முதலீடு எல்லாம் அப்போ பர்மா, மலாயா, சிலோன்னு கடல் தாண்டித்தான் இருந்துச்சு. ஏஜெண்டா போறவங்க மூணு வருஷக் கணக்குக்குப் போயி கடைல உக்காந்து வட்டிக்கு விட்டுட்டு வருவாங்க, 1930 வாக்குல நெல்லு வெல விழுந்து கடன் வாங்குன விவசாயிங்க கட்ட முடியாமப் போக, கீழ் பர்மா நெல்லு நிலத்துல கிட்டத்தட்ட கால்வாசி செட்டியார்ங்க கைக்கு வந்துடுச்சு. பணமா குடுத்தது நிலமா திரும்பி வந்து முடங்கிக் கெடந்த அந்த நேரத்துலதான் வெளிநாட்டு வரவு செலவு, நாணய மாத்து இதுக்குன்னே ஒரு பேங்க் கட்டுனாரு மனுஷன், அந்தத் துணிச்சல நெனச்சா இப்பவும் மலைப்பா இருக்கு.

1942ல ஜப்பான்காரன் பர்மாவுக்குள்ள வந்ததும் எத்தனையோ பேர் போட்டது போட்டபடி விட்டுட்டு காடு மலை தாண்டி நடந்தே வந்தாங்க. ரங்கூன் பிராஞ்ச 1963ல பர்மா அரசாங்கமே எடுத்துக்கிச்சு, இங்க 1969 ஜூலை 19ல 14 பேங்க அரசுடமை ஆக்குனப்போ இந்தியன் ஓவர்சீஸ் பேங்கும் அதுல ஒண்ணு. அத எல்லாம் பாக்க செட்டியார் இல்ல, 1954லயே சிங்கப்பூர் காலாங் ஏர்போர்ட்ல நடந்த விமான விபத்துல இறந்துட்டாரு. செட்டியார்ங்க வட்டிக்கடை வச்சிருந்த கிட்டங்கிங்க வரிசையா இருந்த சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட் பக்கந்தான் என் ஆபீஸ், அங்க வேலை பாக்குற நம்ம பசங்களுக்காவது இது தெரியணும்.

என்ஆர்ஓ பத்தி ஒண்ணு, ஊர்ல வர்ற வாடகைய அதுல போடலாம், அதோட வட்டிக்கு 30 சதவீதத்துக்கு மேல டிடிஎஸ் (பேங்கே முன்கூட்டி எடுத்துக்கற வரி) பிடிப்பாங்க, சிங்கப்பூர் டாக்ஸ் ரெசிடென்சி சர்டிபிகேட் வாங்கிக் குடுத்தா கொறையும், அதக் கெளம்பறதுக்கு முன்னாடியே வாங்கி வச்சுக்கோங்க.