‘தீட்சிதர் கீர்த்தனைகள் முழுத்தொகுப்பு’ வாங்கவிருப்போருக்கு ஓர் எச்சரிக்கை

கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளுள் ஒருவரான முத்துசாமி தீட்சிதரின் கிருதிகள் (கீர்த்தனைகள்) அனைத்தும் அடங்கியது என்று சொல்லி, ‘500 கீர்த்தனைகள் – முழுத்தொகுப்பு’ என்ற ஒட்டுத்தாளுடன் ஒரு ஹார்ட் டிஸ்க் எங்கள் மலையகப் பகுதியில் விற்கப்படுகிறது. நுவரெலியா மாவட்டத்தில் பிள்ளைகளுக்குக் கர்நாடக சங்கீதம் கற்பிக்கும் நான், பெற்றோர் சேர்த்துத் தந்த பணத்தில் அதை வாங்கினேன். எங்கள் வகுப்பே ஏமாற்றப்பட்டது. இதே தொகுப்பை வாங்க எண்ணியிருக்கும் ஆசிரியர்களும் அறநெறிப் பாடசாலைப் பொறுப்பாளர்களும் பணத்தைக் கொடுப்பதற்கு முன் இதை முழுமையாக வாசிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

மலையகத்தில் தீட்சிதர் கிருதிகளை முறையான பாடாந்தரத்தோடு (குரு வழியாக வந்த பாடும் முறையோடு) சொல்லிக்கொடுக்கக்கூடியவர்கள் குறைவு. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சையின் மேல்தரங்களுக்குத் தோற்றும் பிள்ளைகளும், க.பொ.த. சாதாரண தரத்தில் சங்கீதத்தைப் பாடமாக எடுப்பவர்களும், காதைப் பழக்கிக்கொள்ள ஒலிப்பதிவுகளையே பெரிதும் நம்பியிருக்கிறார்கள். என்னிடமிருந்த பழைய கசெட்டுகளில் பெரும்பாலானவை இங்குள்ள ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, நாடா ஒட்டிக்கொண்டு ஓடாமற் போய்விட்டன. அவற்றுக்குப் பதிலாக ஒரு நல்ல தொகுப்பு வேண்டும் என்று தேடியபோது எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, இந்தியாவிலிருந்து தருவிக்க வேண்டிய இறுவட்டுகள். கமலாம்பா நவாவரணம், நவக்கிரகக் கிருதிகள், பஞ்சபூதத் தலக் கிருதிகள் என்று தனித்தனித் தொகுதிகளாக வெளிவந்தவை. பாடியவர், பக்கவாத்தியக் கலைஞர், ராகம், தாளம் எல்லாம் அச்சிட்ட கையேடும் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அறுபது உருப்படிகளுக்கு மேல் வராது என்பதோடு, தபாற்செலவும் தீர்வையும் சேரும்போது விலை கூடிவிடும். மற்றையது, நகரத்துக் கடையொன்றில் இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் கிடைத்த இந்த ஹார்ட் டிஸ்க். ராகம், தாளம், தலம் எல்லாம் வரிசையாக எழுதப்பட்ட ஐந்நூறு உருப்படிகளின் பட்டியலை விற்பனையாளர் கைத்தொலைபேசியில் காட்டினார். பட்டியல் பார்வைக்குக் கண்ணியமாக இருந்தது. கொழுந்து பறித்து வரும் சம்பளத்தில் பங்கு போட்ட பெற்றோருக்கு, அறுபதைவிட ஐந்நூறு மேலாகத் தோன்றியதில் தவறில்லை.

கமலாம்பா நவாவரணத்தைத்தான் நான் முதலில் திறந்தேன். திருவாரூர்க் கமலாம்பிகை மீது தீட்சிதர் பாடிய இந்தத் தொகுதியில், ஸ்ரீசக்கரத்தின் ஒன்பது சுற்றுகளுக்குரிய ஒன்பது ஆவரணக் கிருதிகளுக்கு முன்னே தோடியில் ஒரு தியானக் கிருதியும், முடிவில் ஸ்ரீ ராகத்தில் ஒரு மங்களக் கிருதியுமாகச் சேர்த்து 11 உருப்படிகள் உள்ளன. ஆவரணக் கிருதிகளில் முதல் எட்டும் வடமொழியின் எட்டு வேற்றுமைகளில் வரிசையாக அமைந்தவை. எட்டாவது, விளி வேற்றுமையில் ‘ஸ்ரீ கமலாம்பிகே’ என்று கண்டா ராகத்தில் தொடங்கும். பட்டியலிலும் கோப்பின் பெயரிலும் அப்படியே இருந்தது. ஆனால் திறந்தபோது ஒலித்தது ‘கமலாம்பிகே ஆச்ரித கல்பலதிகே’ என்னும் தோடிக் கிருதி. முதற்கோப்பில் இருந்த அதே பதிவு. இரண்டின் தொடக்கச் சொல்லும் ஒன்றாக இருப்பதால், சங்கீதம் அறியாத ஒருவர் இரண்டையும் கேட்டாலும் ஐயம் கொள்ள மாட்டார். கண்டா எளிதில் காதில் விழும் ராகம் அன்று. பல முறை கேட்டே அதன் சாயலைப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தில் தோடியைக் கேட்டு, இதுதான் கண்டா என்று மனத்தில் பதித்துக்கொண்டு ஒரு பிள்ளை பரீட்சைக்குப் போயிருந்தால் அதற்கு யார் பொறுப்பு?

அதன் பிறகு ஒவ்வொரு கோப்பாகக் கேட்டபோது, ஐந்நூறு என்ற எண்ணிக்கை எப்படி வந்தது என்பது தெரிந்தது. தீட்சிதர் பின்பற்றியது பழைய இசையறிஞர் வேங்கடமகியின் மரபில் வந்த ராகப் பெயர்களை. இன்று நாம் ஷண்முகப்ரியா என்பது அந்த மரபில் சாமரம்; ஹேமவதி என்பது தேசிசிம்ஹாரவம்; சிம்மேந்திரமத்திமம் என்பது சுமத்யுதி. இந்த இரட்டைப் பெயர் வழக்கை வைத்தே தொகுப்பு ஊதப்பட்டிருக்கிறது. ‘சித்தி விநாயகம்’ சாமரத்தின் கீழ் ஒரு முறையும் ஷண்முகப்ரியாவின் கீழ் ஒரு முறையும், ‘ஸ்ரீ காந்திமதீம்’ தேசிசிம்ஹாரவத்திலும் ஹேமவதியிலுமாக, ‘மீனாக்ஷி மே முதம் தேஹி’ கமகக்ரியாவிலும் பூர்விகல்யாணியிலுமாகத் தனித்தனி உருப்படிகளாக எண்ணப்பட்டிருந்தன. இருவேறு பாடகர்கள் இருவேறு பாடாந்தரங்களில் பாடிய பதிவுகளாக இருந்தால் நான் மகிழ்ந்திருப்பேன்; ஒப்பிட்டுக் கற்பிக்க அதைவிட நல்ல வாய்ப்பு இல்லை. இவையோ ஒரே பதிவின் பிரதிகள். ‘மீனாக்ஷி’யில் அநுபல்லவி முடிந்ததும் சபையில் யாரோ இருமுகிறார், இரண்டு கோப்புகளிலும் அதே இடத்தில் அதே இருமல் கேட்கிறது.

வேறொரு வகையிலும் எண்ணிக்கை கூட்டப்பட்டிருக்கிறது. வடமொழியில் அமைந்த கிருதியெல்லாம் தீட்சிதருடையது என்று கொண்டார்களோ என்னவோ, சுவாதித் திருநாள் மகாராஜாவின் ‘தேவ தேவ கலயாமி தே’, ‘போகீந்த்ர சாயினம்’ போன்றவை உள்ளே இருக்கின்றன. தீட்சிதர் கிருதிகளில் ‘குருகுஹ’ என்ற முத்திரை, அதாவது இயற்றியவரைக் காட்டும் அடையாளச் சொல், வரும். மகாராஜாவின் கிருதிகளில் பத்மநாபனைக் குறிக்கும் சொற்கள் வரும். சாகித்தியத்தை ஒரு முறை காது கொடுத்துக் கேட்ட எவரும் இவற்றைச் சேர்த்திருக்க மாட்டார். முத்துசாமி தீட்சிதரின் தந்தையார் இராமசுவாமி தீட்சிதரின் உருப்படிகளும், பெயரில் ‘தீட்சிதர்’ என்று இருப்பதாலேயே, கணக்கில் ஏறியிருக்கின்றன.

மாணவர்களுக்கு மிகப் பெரிய கேடு விளைவிப்பது அரைகுறைக் கோப்புகள். தீட்சிதர் கிருதி பெரும்பாலும் விளம்ப காலத்தில் (மெதுவான நடையில்) அசைந்து சென்று, முடிவில் மத்திமகால சாகித்தியத்தில் வேகம் கொள்ளும்; அந்தக் கால மாற்றமே அவருடைய கிருதிகளுக்கு உரிய அழகு. இத்தொகுப்பில் ஏராளமான கோப்புகள் அந்த மத்திமகாலத்தைத் தொடுவதற்கு முன்பே ஒலி தேய்ந்து நின்றுவிடுகின்றன. இன்னும் சிலவற்றில் கசெட்டைப் பிரதி எடுத்த வேகம் பிழைத்து, ஒரு கட்டைச் சுருதியில் பாடுபவர் என்று நான் அறிந்த வித்துவானின் குரல் ஒன்றரைக் கட்டைக்கு மேல் ஏறி மெலிந்து ஒலிக்கிறது. தம்பூராவை வைத்துக்கொண்டு கூடப் பாடிப் பழகும் பிள்ளைக்கு அது எந்தச் சுருதியிலும் சேராது.

ஒலித்தரம் பற்றிச் சொன்னதும் பொய். இழப்பில்லாத ஃபிளாக் கோப்புகள் என்று விளம்பரப்படுத்தியிருந்தார்கள். கணினி தெரிந்த பழைய மாணவர் ஒருவர் ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் அலைவரிசைப் படத்தை எடுத்துக் காட்டினார்: 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எதுவுமே இல்லாமல் கோடு போட்டாற்போல் வெட்டுப்பட்டிருந்தது. 128 கிலோபிட் எம்பி3 கோப்புகளில் இந்த வெட்டு வழக்கமாகக் காணப்படும். முன்பே சுருக்கிய எம்பி3யை எடுத்து ஃபிளாக்காக மாற்றினால் கோப்பின் பருமன் கூடுமே தவிர, இழந்த நாதம் திரும்பி வராது. வடித்த தேயிலைச் சக்கையை எத்தனை பெரிய கேத்தலில் போட்டாலும் சாயம் இறங்காது. பழைய கச்சேரிப் பதிவுகள் இயல்பாகவே மேலொலி குறைந்தவையாக இருக்கலாம் என்பதால் ஒரு கோப்பை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அண்மைக்கால ஸ்டூடியோப் பதிவுகளிலும் அதே வெட்டு அதே இடத்தில் இருந்ததுதான் எங்களுக்குச் சான்றாயிற்று.

இந்த விடயத்தில் ‘முழுமை’ என்ற சொல்லையே கவனமாகக் கேட்க வேண்டும். முத்துசாமி தீட்சிதரின் குடும்ப வழியில் வந்த சுப்பராம தீட்சிதர் எட்டயபுரத்தில் 1904இல் வெளியிட்ட ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யில் முத்துசாமி தீட்சிதரின் உருப்படிகள் 229 சுரதாளக் குறிப்போடு உள்ளன. அதற்குப் பிந்திய பதிப்புகளில் வந்தவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை இரட்டிப்புக்கு அருகே செல்லும். ஆனால் அவற்றுள் சில தீட்சிதருடையவைதாமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எல்லாரும் அறிந்த நவக்கிரகக் கிருதிகளிலேயே, சூரியன் முதல் சனி வரையான ஏழும் சூளாதி எனப்படும் ஏழு அடிப்படைத் தாளங்களில் அமைந்து அந்நூலில் இடம்பெற்றிருக்க, ராகு, கேது இரண்டும் அதில் இல்லை. ஆகவே நேர்மையான தொகுப்பாளர் எவரும் ‘எல்லாம் இதில் உண்டு’ என்று சொல்லி நிறுத்த மாட்டார். எந்த நூலின் பட்டியலைப் பின்பற்றினார், எதைச் சேர்த்தார், எதை விட்டார் என்று கையேட்டில் எழுதுவார். நாங்கள் வாங்கியதில் கையேடும் இல்லை, பாடியவர்களின் பெயர்களும் இல்லை. கலைஞர்களின் பெயரை அழித்துவிட்டு அவர்களுடைய உழைப்பை விற்பது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இதற்கு இடமளிக்கவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், கண்டா கோப்பையும் தோடிக் கோப்பையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினேன். “டீச்சர், எல்லா பாட்டும் பாடுதுதானே? பாடாத பாட்டு இருந்தா கொண்டாங்க, மாத்தித் தர்றேன்” என்றார் விற்றவர். பிரதி எடுக்கப்பட்ட பொருளுக்குப் பணம் திருப்பித் தரப்படாது என்று பற்றுச்சீட்டின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதையும் காட்டினார். ஓடாத பொருளை விற்பது மட்டுமே குற்றம் என்று அவர் நினைக்கிறார்; கண்டா என்று எழுதித் தோடியை விற்பது, உள்ளே இல்லாத பொருளுக்குப் பணம் வாங்குவதே.

இத்தகைய தொகுப்பை யாராவது உங்களிடம் கொண்டுவந்தால், கடையிலேயே சில கோப்புகளைத் திறந்து கேட்க அனுமதி கேளுங்கள். நவாவரணத்தின் கண்டாவையும் ஆகிரியையும், பஞ்சபூதக் கிருதிகளில் ஹுசேனியில் அமைந்த ‘ஸ்ரீ காளஹஸ்தீச’வையும் கேட்டுப் பாருங்கள். மேனாட்டு மெட்டுகளுக்குத் தீட்சிதர் வடமொழிச் சாகித்தியம் அமைத்த நோட்டுஸ்வரங்கள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிரித்தானிய அரச கீதத்தின் மெட்டில் அமைந்த ‘ஸந்ததம் பாஹி மாம்’ கூட எங்கள் தொகுப்பில் இல்லை. எந்தக் கிருதியானாலும் கடைசி ஒரு நிமிடத்தைக் கேட்டால் மத்திமகாலம் முழுமையாக இருக்கிறதா என்பது உடனே தெரியும். கேட்க விடாத கடையில் வாங்க வேண்டாம். என்னிடம் ஆலோசனை கேட்பவர்களுக்கு நான் இப்போது சொல்வது, உருப்படிகள் குறைந்தாலும் தனித்தனித் தொகுதிகளாக வந்த இறுவட்டுகளையே வாங்குங்கள் என்பதுதான்: முதலில் நவாவரணம், பின்பு நவக்கிரகம், வசதி கிடைக்கும்போது மற்றவை. ஒரு கிருதியை ஒரு பிள்ளை நம்பிக்கையோடு நூறு முறை கேட்கலாம் என்றால், அது ஐந்நூறு ஐயத்துக்குரிய கோப்புகளைவிட வகுப்புக்குப் பயன்படும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து விவரம் கேட்கலாம். ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், பொருளை வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டின் பிரதி, விற்பனையாளர் காட்டிய பட்டியல், வட்ஸ்அப்பில் வந்த விளம்பரப் படம் ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பதிவு இரண்டு பெயர்களில் இருக்கும் கோப்புகளின் பெயர்களையும் அவை ஓடும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி இணையுங்கள். சங்கீதம் அறியாத அதிகாரிக்கும் அது விளங்கும். எங்கள் முறைப்பாடு பெற்றோர் கையொப்பங்களுடன் போய்விட்டது. அதே கடையில் வாங்கிய வேறு ஆசிரியர்கள் இருந்தால் தாமதிக்காமல் தனித்தனியே எழுத வேண்டும், ஏனெனில் ஒருவருடைய முறைப்பாட்டில் மற்றவருடைய பணம் மீளாது.